மகளின் அட்டை, அம்மாவின் வேலை

அத்தியாயம் 14

போன வாரம் அம்மாவைத் திட்டி மூன்று கடிதங்கள் வந்தன. மகளைத் திட்டி ஒன்பது. அப்பாவைப் பாவம் என்று எழுதியவர்களை நான் எண்ணவில்லை, கை வலிக்கும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் ஆள் மாற்றித் திட்ட வேண்டியிருக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். மூன்று வருஷப் படிப்பு, இன்னும் ஆறு மாதம் பாக்கி. கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கிற மாணவர்களுக்கு அங்கே ஒரு திட்டம் உண்டு. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தால் கட்டணம் கிடையாது. அவளுக்குக் கிடைத்தது நூலகத்தில் விடியற்காலை வேலை. ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, முதல் நாள் திரும்பி வந்த புத்தகங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அதனதன் அலமாரியில் வைக்க வேண்டும்.

முதல் வருஷம் அவள்தான் செய்தாள், அதை மறைக்கக் கூடாது. விழுந்து விழுந்து செய்தாள். வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள், ஒரு பாடத்தில் தவறினாள், கடைசியில் ஒருநாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். "பரீட்சை முடியற வரைக்கும் ஒரு வாரம் நான் போறேன், அட்டையைக் குடு" என்றாள் அம்மா. அந்த ஒரு வாரம் தொடங்கி இன்றோடு ஒன்றரை வருஷம் ஆகிறது.

கேட்பாரில்லை. வாசலில் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், காவலாளி தலையைக்கூடத் தூக்க மாட்டார். நூலகர் அம்மாள் வருவது எட்டரைக்கு. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளுவண்டியில் ஒட்டிவிட்டுப் போவார். அம்மா அதன் கீழேயே பதில் எழுதுவாள். ஒன்றரை வருஷமாகச் சீட்டிலேயே பேசிக்கொண்ட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மகளை எப்போதாவது வாசிப்பறையில் பார்த்தால் நூலகர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள், அதோடு சரி.

அட்டை கை மாறியது அப்பாவுக்குத் தெரியாது. அவர் பஸ் டிரைவர், முதல் டிரிப்புக்காக நாலரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறவர். மகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் புரொபசர். "நம்ம புரொபசர் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிட்டு, அப்புறம் படிக்கப் போறா" என்று டெப்போவில் அவர் சொல்லாத ஆளில்லை.

அந்த வேலைதான் இப்போது காலை வாரிவிட்டது. சிறந்த பகுதிநேர மாணவி என்று பல்கலைக்கழகம் மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் மேடையேறி, படிக்கும்போதே வேலை பார்ப்பதன் பயன்களைப் பற்றி அவள் பத்து நிமிஷம் பேச வேண்டும். வேண்டாம் என்று நைசாக மறுக்கலாம் என்றால், கடிதம் நேராக அப்பா கையில் போய்ச் சேர்ந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் முழுக்கப் பஸ் ஓட்டினார். இனி எங்கே மறுப்பது?

அந்த நாள்தான் இன்று.

அம்மா வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டு ஏழே முக்காலுக்குத் திரும்பினாள். மகள் அடுக்களை மேசையில் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்தாள். தாளில் ஒரு வரிகூட இல்லை. பயன்கள் என்று தலைப்பு மட்டும் போட்டு, அதற்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

"நீயே சொல்லும்மா. அந்த வேலையில உனக்கு என்ன கிடைச்சுது?"

அம்மா அடுப்பில் டீத்தண்ணீரை வைத்துவிட்டு யோசித்தாள். இதற்குமுன் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பிஸ்கட் கம்பெனியில் பதினொரு வருஷம் பெட்டி ஒட்டினாள், கம்பெனியை மூடினார்கள், வந்துவிட்டாள். அங்கே என்ன கிடைத்தது என்று யார் கேட்டார்கள்?

"அங்க ரெண்டு மணி நேரம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். "அம்மான்னு கூப்பிட மாட்டாங்க, இந்தாம்மான்னு கூப்பிட மாட்டாங்க. நான் ஒண்ணை ஒரு இடத்துல வச்சா மறுநாள் அது அங்கேயே இருக்கும். இந்த வீட்டுல அது நடக்குமா?"

மகள் சிரித்துவிட்டாள். தாளில் 'தன்னம்பிக்கை' என்று எழுதினாள்.

அம்மாவுக்கு அதற்குள் சூடு பிடித்துவிட்டது. எந்தத் தளத்தில் என்ன பாடம், சக்கரம் கிறீச்சிடுகிற வண்டியை எப்படித் தள்ளுவது, முதுகில் சிவப்பு நாடா ஒட்டிய பெரிய புத்தகங்களை அடித்தட்டில் படுக்கவைப்பது, கிழிந்த பக்கத்தை ஒட்டுகிற காகிதம் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஆனால் நான்காவது தளத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். மகள் எழுதிக்கொண்டே வந்தாள். பொறுப்புணர்ச்சி, நேர ஒழுங்கு, சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்தல். எழுத எழுத அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினாள்.

இரண்டு பேரும் தேர்வுக்குப் படிப்பதைப்போல மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். ஒன்றே ஒன்று விட்டுப்போனது. அம்மாவுக்கு அது பழகிப்போன விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அப்பா அரை நாள் லீவு எடுத்திருந்தார். பதினாறு வருஷத்தில் இது இரண்டாவது லீவு, முதலாவது மகள் பிறந்த அன்று என்று ஒரு கணக்குச் சொன்னார். மகளுக்கு இருபது வயது நடக்கிறதே என்று யாரும் திருத்தவில்லை, சந்தோஷத்தில் இருக்கிற மனிதரைத் திருத்தி என்ன ஆகப்போகிறது. நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டார். தலைவலி என்று அம்மா நழுவப் பார்த்தாள். மகளை மேடையில் பார்த்தால் தலைவலியெல்லாம் பறந்துவிடும் என்று கையோடு கூட்டிப்போனார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கும். அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசை. மேடையில் திட்ட அதிகாரி, சின்ன வயசு, கழுத்துப்பட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நூலகர், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. அம்மா அவரையே பார்த்தாள். 'நன்றி, இன்று அலமாரிகள் மிக ஒழுங்கு' என்று நூறு தடவை எழுதியவர் இவர்தானா என்று பார்த்தாள்.

மகள் நன்றாகவே பேசினாள். வேலை பார்க்கிற மாணவருக்கு நேரத்தின் அருமை தெரியும் என்றாள். யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காக வேலை செய்யப் பழகினால் எங்கேயும் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்றாள். தன்னுடைய படிப்புக்குத் தானே உழைக்கிறோம் என்கிற நிம்மதி வேறு எதிலும் கிடைக்காது என்றாள். அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மற்ற எல்லாப் பயனும் நிஜமாகவே ஒருவருக்குக் கிடைத்தது, அந்த ஒருவர் மூன்றாவது வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல் முடிந்தது. அதோடு இறங்கிவிட்டிருந்தால் இந்தத் தொடரை இன்னும் நாலு வாரம் நிம்மதியாக நடத்தியிருப்பேன்.

நூலகர் எழுந்தார். மனுஷிக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. தன்னுடைய நூலகத்தின் பெருமையைப் புதுப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை, அவ்வளவுதான். ஒரு தள்ளுவண்டியையே மேடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கலைத்துப்போட்ட பத்துப் புத்தகம், காலியாக ஒரு தட்டு. எத்தனை வேகமாக அடுக்குகிறாள் பாருங்கள் என்றார்.

மகள் ஒரு வருஷம் செய்த வேலைதானே. கை மறக்கவில்லை. எண்களைப் பார்த்து ஏழு புத்தகங்களை மடமடவென்று வைத்துவிட்டாள். மிச்சம் மூன்றும் ஒரே ஆசிரியருடையவை, ஒரே எண். அவள் வேலை பார்த்த காலத்தில் அப்படி வந்தால் தலைப்பின் முதல் எழுத்தைப் பார்த்து வைப்பார்கள். அவளும் அப்படியே வைத்தாள்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பதற்றத்தில் மாற்றி வைத்துவிட்டாள்போல என்று சிரித்தார். ஒலிபெருக்கியில் மண்டபத்துக்கே விளக்கினார்: முன்பு தலைப்பு பார்த்து அடுக்கினோம், பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் கலந்துபோய்ப் பிள்ளைகள் பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள், போன வருஷம்தான் அதை மாற்றினோம். மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதி யோசனை கொடுத்ததே இந்தப் பெண்தான்.

எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். மகள் கையில் புத்தகத்தோடு நின்றாள். எப்படி மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கைதட்டல் ஓய்ந்து மண்டபம் நிசப்தமானது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மகள் மாட்டிக்கொள்வாளே என்பதுகூட அவளுக்கு அப்போது தோன்றியிருக்காது. தான் ஒன்றரை வருஷம் கட்டிக்காத்த தட்டில் புத்தகம் தப்பாக நிற்கிறது, அது ஒன்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"வருஷம் பாப்பா. வருஷம் பார்த்து வை. புதுசு முதல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிசப்தத்தில் மேடைவரை கேட்டது. நூலகர் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம், பிஸ்கட் கம்பெனியில் கற்றுக்கொண்டது.

நூலகருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த திட்ட அதிகாரிக்கும் புரிந்தது, அவர் கழுத்துப்பட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் மாணவி அலுவலகத்துக்கு வர வேண்டும், அம்மாவும் கூடவே வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா அலுவலகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பரிசு ஏதோ கொடுக்கப்போகிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இரண்டு பேரும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, கதவு இயந்திரத்தில் நாள்தோறும் பதிவாகியிருக்கிறது, அந்த நேரம் மகள் வீட்டில் இருந்தாளா என்று யாராவது விசாரித்தால் போதும். நூலகர்தான் மன்றாடினார். ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்றார், முப்பது வருஷத்தில் அலமாரிகள் இப்படி இருந்ததில்லை என்றார். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒருவருக்குக் கொடுத்த அட்டையில் இன்னொருவர் ஒன்றரை வருஷம் கட்டடத்துக்குள் வந்துபோனது ஆள்மாறாட்டம், மாணவி தெரிந்தே செய்திருந்தால் பெயரை நீக்குவதைத் தவிர விதியில் வேறு வழி இல்லை என்றார். கடைசிப் பரீட்சை எழுத முடியாது. இரண்டரை வருஷமும் போச்சு.

பிறகு குரலைத் தாழ்த்தினார். விதியில் ஓர் உட்பிரிவு இருக்கிறதாம். வீட்டுப் பெரியவர்களின் கட்டாயத்தால் மாணவி நடந்துகொண்டிருந்தால், அவளை மன்னிக்கலாம். குற்றம் கட்டாயப்படுத்தியவர்மேல் போகும். காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுதிவைப்பார்கள், அந்த ஆள் இந்த வளாகத்துக்குள் இனி எந்தக் காலத்திலும் நுழைய முடியாது, பட்டமளிப்புக்குக்கூட.

"என்ன எழுதணும், சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். வாசகத்தைச் சொன்னார், அம்மா எழுதினாள். வேலையைத் தனக்குத் தராவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று மகளை மிரட்டியதாக எழுதினாள். இன்று மேடையேறிப் பேச வைத்ததும் தான்தான் என்று எழுதினாள். நூலகர் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுமுன் அம்மா ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

வேண்டாம்மா என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தாளா? எனக்குத் தெரியவில்லை. மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

இன்னொரு கையெழுத்து வேண்டும். மிரட்டியதற்கு வீட்டிலிருந்து ஒரு சாட்சி. அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

அவர் நின்றபடியே தாளைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். அவருக்கு அங்கேதான், அந்தத் தாளிலிருந்துதான் எல்லாம் தெரிந்தது. முகம் செத்துப்போய்விட்டது. அதிகாரி பேனாவை நீட்டியபோது, நான் கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிப் பழக்கமில்லை சார் என்றார். நாளைக் காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது, அதற்குள் சாட்சி வராவிட்டால் தாள் செல்லாது, மாணவியின் பெயர் போய்விடும் என்று அதிகாரி சொன்னார். அப்பா தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் இறங்கியிருந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ மிரட்டினியா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க."

"படிப்பை நிறுத்திடுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

அவர் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்கு அவளைத் தெரியாதா? மகளுக்கு மயக்கம் வந்த அன்று விடிய விடிய உட்கார்ந்து விசிறியவள் அவள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஐந்தாம் அத்தியாயம் நினைவிருக்கும். அப்பாவின் படிப்பைப் பாதியில் நிறுத்தியது அவரைப் பெற்றவர். பதினைந்து வயசில் புத்தகத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லாரி கிளீனராக ஏற்றிவிட்டார். அன்றைக்குத் தன் தகப்பனோடு பேச்சை நிறுத்தியவர், அந்தத் தகப்பன் சாகிறவரை பேசவில்லை. இந்த மனிதர் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவேன் என்று மிரட்டுகிற ஆளை மட்டும் பொறுக்க மாட்டார்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். குரல் கெஞ்சியது.

"புரொபசர், நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் நான் நம்பறேன். உங்கம்மா அப்படிச் சொன்னாளா?"

இல்லை என்று சொன்னால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அது மகளுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, சொல்லிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இந்த ஒரு நிமிஷத்தை எத்தனை வயசானாலும் மறக்க முடியாது என்று அப்போதே மகளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னாள்.

"சொன்னாங்கப்பா."

அப்பா தலையாட்டினார். மத்தியானம் மண்டபத்தில் ஆட்டினாரே, அந்தத் தலையாட்டல் இல்லை. தாளைப் பையிலிருந்து எடுத்து, பஸ் நிறுத்தத்துப் பலகையில் வைத்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் வந்தது. ஓட்டுகிறவர் தெரிந்தவர், என்னண்ணே, புரொபசர் பரிசு வாங்கிட்டாங்களா என்று கேட்டார். அப்பா மகளை முன்னிருக்கையில் சன்னலோரமாக உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். அம்மா பின்னால் எங்கேயோ போய் உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"உன் போனை எடு" என்றார் அப்பா.

மகள் எடுத்தாள்.

"உன் மாமாவைக் கூப்பிடு. நாளைக்கு நான் இந்தத் தாளைக் குடுத்துட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள, அவரோட அக்காவை வந்து கூட்டிட்டுப் போயிடச் சொல்லு."

மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு வீடு இருக்கும், அவளுக்குப் படிப்பு இருக்காது. அப்பா காத்துக்கொண்டிருந்தார். அவள் மாமாவின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது.